ஸ்மேராவின் தீனி

டீலியா கோயினைப் பற்றி எங்கள் ரோஸ்கீலாவில் இரண்டு கட்சி இருந்தது. செல்லம் கொடுத்தே குதிரைக்குட்டியைக் கெடுக்கிறாள் என்றது ஒன்று. கல்நெஞ்சக்காரி, வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுகிறாள் என்றது மற்றொன்று. வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சியிலும் இருந்தது ஒரே ஆட்கள்தான். முதல் குளிர்காலத்தில் அந்தக் கட்சி, இரண்டாம் குளிர்காலத்தில் இந்தக் கட்சி. நான் எதிலும் சேரவில்லை. நான் ஊர்க் கொல்லன். குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்க்கிறவனுக்கு அதன் சொந்தக்காரர் சொல்லும் கதையெல்லாம் தேவையில்லை.

அயர்லாந்தின் மேற்கே, கானமாராவின் கடலோரத்தில் பாறைக்கும் சதுப்புக்கும் நடுவே புல் முளைக்கவே யோசிக்கும் ஊர் எங்களுடையது. அந்தப் புல்லைத் தின்றுதான் எங்கள் மட்டக்குதிரைகள் வயலுக்கு உரமாகக் கடற்பாசி சுமந்தன, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையே வண்டியில் வைத்து மாதா கோவிலுக்கு இழுத்தன. மின்சாரம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். ஒரு வீட்டின் மரியாதை அதன் வாசலில் நிற்கும் மட்டக்குதிரையின் விலாவில் இருந்தது.

டீலியா நெடுநெடுவென்று இருப்பாள். செத்துப்போன தகப்பனின் கோட்டைப் போட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நடப்பாள். சின்ன வயதில் இங்கிலாந்துக்குப் போய் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தவள், தாய் படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்தாள். தாய் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணம் பற்றி யாராவது கேட்டால், "காலையில எழுந்ததும் கத்துறதுக்கு ஃபெஸ்டி ஒருத்தன் போதாதா எனக்கு?" என்பாள். ஃபெஸ்டி அவளுடைய தம்பி. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு, நிலம், குதிரை எல்லாம் ஆண்பிள்ளை பெயரில். உழைப்பு மட்டும் இரண்டு பேர் பெயரிலும். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. நாலு பேர் நல்லவிதமாகப் பேச வேண்டும் என்பதற்காக எதையும் செய்வான், அதுதான் அவன் வியாதி.

ஒரு பழைய தோல்வி டீலியாவின் தொண்டையில் முள்ளாக நின்றது. இங்கிலாந்திலிருந்து வந்த புதிதில் வீட்டுக் குதிரை ஓர் ஆண்குட்டி போட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தேற்றிய கையல்லவா? காலையும் மாலையும் ஓட்ஸ், வேகவைத்த பார்லி, பால் என்று ஊட்டித் தள்ளினாள். குட்டி ஒரே வருடத்தில் ஆள் உயரம் வளர்ந்தது. உடம்பு வளர்ந்த வேகத்துக்கு எலும்பு ஈடு கொடுக்கவில்லை. கால் கணு முன்பக்கம் மடங்கி, நிற்கவே தள்ளாடியது. கடைசியில் ரோஷ் என்ற குதிரை வியாபாரியின் வண்டியில் தலையைத் தொங்கப்போட்டு ஏறிப்போனது. அதன் பிறகு அவள் வருடக்கணக்கில் மலைமேல் திரியும் குதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த மாதம் எதைத் தின்கின்றன, எப்போது இளைக்கின்றன, எப்போது தேறுகின்றன என்று. எவனையோ கடலையோ வெறித்துப் பார்க்கிறாள் என்று ஊரார் நினைத்தார்கள். அவள் குதிரை மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் ஒரு மே மாதம், இனிக் குட்டி போடாது என்று எல்லோரும் கைவிட்டிருந்த அந்தக் கிழட்டுத் தாய் ஒரு பெண்குட்டியை ஈன்றது. கன்னங்கரேலென்று இருந்தது. வேலியோர முட்கொடியில் பழுக்கும் கறுப்புப் பழத்தின் பெயரையே டீலியா அதற்கு வைத்தாள்: ஸ்மேரா. எங்கள் குதிரைகள் கறுப்பாகப் பிறந்து வயதாக ஆகச் சாம்பலாகும். இதுவும் சாம்பலாகும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு வாரம் கழித்து அக்காளும் தம்பியும் என் பட்டறையில் வந்து மோதினார்கள். வீட்டில் சண்டை போட்டால் கேட்க ஆளில்லை பாருங்கள்.

"ரோஷ்கிட்ட சொல்லிட்டேன்," என்றான் ஃபெஸ்டி. "பால் மறந்ததும் குட்டியை ஓட்டிட்டுப் போயிடுவான்."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"என் குதிரை போட்ட குட்டி. யாரைக் கேக்கணும்?"

"அது பொறக்கறப்ப சேத்துல முட்டி போட்டு இழுத்தது யாருடா? நீ குறட்டை விட்டுக்கிட்டு இருந்தே." குரல் கொஞ்சம் இறங்கியது. "கிழவிக்கு இதுதான் கடைசி. இதுவும் போயிடுச்சுன்னா அம்மா கொண்டுவந்த குதிரையோட வம்சம் நம்ம வாசல்ல முடிஞ்சிடும். அது உறைக்குதா உனக்கு?"

"வம்சம்! போன குட்டியை நீ வளத்த லட்சணத்தை ஊரே பாத்துச்சே. இன்னும் எத்தனை பேர் சிரிக்கணும்?"

டீலியாவின் முகம் வெளுத்துப்போனது. நான் சம்மட்டியைக் கீழே வைத்தேன். ஃபெஸ்டி தலையில் அவள் அதை எடுத்துப் போடுவாள் என்று நிஜமாகவே பயந்தேன். அவள் போடவில்லை.

"ரெண்டு வயசுல நம்ம இனக் குதிரைப் பதிவேட்டுல சேக்கப் பரிசோதனை பண்ண வருவாங்கல்ல?" என்றாள். "அதுல தேறிட்டா குட்டி எனக்கு. உனக்கில்ல, வீட்டுக்கில்ல, எனக்கு. தேறலைன்னா நானே கயித்தைப் புடிச்சு ரோஷ் வண்டியில ஏத்தி விடறேன்."

ஃபெஸ்டி என்னைப் பார்த்தான். சாட்சிக்கு ஆள் இருக்கும்போது பின்வாங்குவது அவன் சுபாவத்தில் கிடையாது. உள்ளங்கையில் துப்பி நீட்டினான். அவளும் துப்பி அடித்தாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் பத்திரம் எழுதத் தேவையில்லை.

அந்தக் கோடை முழுவதும் டீலியா குட்டிக்கு எதுவுமே கொடுக்கவில்லை. தாய்க்குக் கொடுத்தாள்; தாயின் பால் குட்டிக்குப் போயிற்று. கடல் உள்வாங்கி வற்றும்போது கிழவி கரையில் இறங்கிக் கடற்பாசியை மேயும், பக்கத்தில் நின்று குட்டியும் மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒரு நுனியைக் கடிக்கும். நவம்பரில் சகல புனிதர்கள் திருநாள் கழிந்து மலையில் புல் சிவந்ததும் பால் மறக்கச் செய்தாள். துணைக்கு ஒரு கழுதையைக் கொட்டகையில் கட்டினாள். குட்டி கொஞ்சம் கத்திவிட்டுக் கழுதையின் கழுத்தில் தலையை வைத்துத் தூங்கிப்போயிற்று.

அந்த முதல் குளிர்காலத்தில் அவள் கையைச் சுருக்கவே இல்லை. நல்ல உலர்புல் எந்நேரமும். இடித்த ஓட்ஸ் அளவாக. துருவிய கிழங்கு. வெண்ணெய் எடுத்த பால் மிஞ்சினால் அது. எல்லாவற்றுக்கும் மேலாக முட்புதர். மஞ்சள் பூப்பூக்கும் அந்தப் புதர் எங்கள் பக்கம் பனியிலும் பச்சையாக நிற்கும். முள்ளோடு எந்தக் குட்டியும் தொடாது. டீலியா இளங்கிளைகளை வெட்டி வந்து, கல்தொட்டியில் போட்டு, மர உலக்கையால் முள் மடிந்து குழையும் வரை இடிப்பாள். சாலையில் போகிறவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்கும். முள் குத்தி அவள் கைகள் எப்போதும் சிவந்திருக்கும்.

"குட்டிக்குத் தொட்டில் கட்டியாச்சா டீலியா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆக்னஸ் மெலியா கேட்பாள். பக்கத்து வீட்டு விதவை, வாயும் மனசும் ஒரே அளவில் பெரியது.

"கட்டியாச்சு. தாலாட்டுப் பாட உன்னைத்தான் கூப்பிடலாம்னு இருக்கேன். உன் குரலைக் கேட்டா அது இன்னும் வேகமா வளந்து ஓடிப்போயிடும்."

கோவில் வாசலில் ஃபெஸ்டியைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தார்கள். மறுபடியும் அதே கதைதான், ஊட்டி ஊட்டிக் காலை மடக்கப்போகிறாள் என்றார்கள். எனக்குக் குளம்பைக் காட்ட அவள் குட்டியைக் கொண்டுவந்தபோது நானே கேட்டேன். "ஓட்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?"

"முதல் குளிர்ல எலும்பு கட்டுது கோல்மன். இப்ப கொறைச்சா பின்னால எத்தனை கொடுத்தாலும் வராது. ஆனா இடிச்ச முள்ளும் புல்லும்தான் வயித்தை ரொப்புது. ஓட்ஸ் ஒரு கைதான்." குட்டியின் கணுவைத் தடவினாள். "பாரு, நேரா நிக்குதா?"

நேராகத்தான் நின்றது.

வசந்தம் வந்ததும் ஓட்ஸை நிறுத்தினாள். ஒரு வயதுக் குட்டியை மலைக்கு ஓட்டிவிட்டாள். பாறையும் புதர்ச்செடியும் ஈரமான கரடுமுரடுப் புல்லும்தான் தீனி. நடந்து நடந்து தேடித் தின்ன வேண்டும். கோடை முடியும்போது ஸ்மேரா உருண்டையாக, கருஞ்சாம்பல் நிறத்தில் இறங்கி வந்தாள். ஊர் வாயடைத்துப் போயிருந்தது. ஊர் வாயடைத்தால் நீண்டநாள் தாங்காது.

இரண்டாம் குளிர்காலத்தில் டீலியா குட்டியைக் கொட்டகைக்குள் விடவே இல்லை. கோவிலுக்குப் போகும் சாலையோரமாக அவர்களுக்கு ஒரு பாறை நிலம் இருந்தது, சுற்றிலும் இடுப்பளவு கல்சுவர். அதில் விட்டாள். ஓட்ஸ் கிடையாது. பனி மூடினால் மட்டும் ஒரு கட்டு உலர்புல். மற்றபடி அது தானே பனியைக் கிளறித் தின்ன வேண்டும். ரோமம் கரடியாட்டம் வளர்ந்தது, அதற்குள் உடம்பு மெல்ல இறங்கியது. மார்ச் மாதம் ரோமம் உதிர ஆரம்பித்ததும் விலா எலும்பு தெரிந்தது.

"இப்படித்தான் இருக்கணும்," என்றாள் என்னிடம். "மலையில எந்தக் குதிரை மார்ச்சுல கொழுத்து நிக்குது? குளிர்ல இளைக்கணும், மே மாசப் புல்லுல தேறணும். கொழுப்போட போய் மே மாசப் புல்லுல வாய வச்சா காலு போயிடும்."

இதை அவள் எனக்குச் சொன்னாள். ஊருக்குச் சொல்லவில்லை. ஊர் கேட்கவும் இல்லை, கேட்கவும் முடியாது. அதை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் பசி என்பது சும்மா பேச்சுக்குச் சொல்லும் வார்த்தை அல்ல. மலைச்சரிவில் கூரையில்லாமல் நிற்கும் வீடுகள் எல்லாம் ஒரு காலத்தில் பசியால் காலியானவை. அவற்றைத் தாண்டித்தான் நாங்கள் பூசைக்குப் போகிறோம். விலா தெரிகிற எதையும் வெறுங்கையோடு கடந்துபோக எங்களுக்கு வராது. அதேசமயம், உன் வீட்டு மாடு மெலிந்திருக்கிறது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வதைவிடப் பெரிய அவமானமும் எங்களிடையே கிடையாது. அப்படிச் சொல்வதும், உன் வீட்டில் சோறில்லை என்று சொல்வதும் ஒன்று. ஆகவே டீலியாவிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகுக்குப் பின்னால் மட்டும் கல்நெஞ்சக்காரி என்றார்கள்.

ஏப்ரல் வந்தது. மே வந்தது. ஸ்மேரா தேறினாள். டீலியா எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே தேறினாள். கழுத்து தடித்தது, விலா மறைந்தது. டீலியாவுக்கு மூக்கில் வியர்த்தது. பாறை நிலத்தில் இத்தனை கொழுப்பு எங்கிருந்து வரும் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

ஒருநாள் காலை மூச்சிரைக்கப் பட்டறைக்கு ஓடிவந்தாள். போய்ப் பார்த்தேன். குட்டி முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, கனத்தையெல்லாம் குதிகால் மேலும் பின்னங்கால் மேலும் போட்டுச் சாய்ந்து நின்றது. குளம்பில் கை வைத்தேன், கொதித்தது. கணுவுக்கு மேல் நாடி திடுதிடுவென்று அடித்தது.

"இது தீனி மிஞ்சின நோய் டீலியா. என்ன கொடுத்தே?"

"ஒண்ணும் கொடுக்கல."

"என்கிட்டயேவா? குளம்பு சொல்லுதே."

"அம்மா கல்லறை மேல சத்தியம், கோல்மன்! ஒரு பிடி ஓட்ஸ் கொடுத்திருந்தா என் கை அழுகிப் போகட்டும்." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் தாய் செத்தபோதுகூட நான் அதைப் பார்த்ததில்லை. "பரிசோதனைக்கு நாலு மாசம்தான் இருக்கு. நொண்டிக்கிட்டுப் போனா முடிஞ்சுது. மறுபடியும் ரோஷ் வண்டி. மறுபடியும் நானேதான் கெடுத்தேன்னு சொல்லுவாங்க."

அந்தச் சமயத்தில் கோவில் மணி அடித்தது. ஏதோ சாவுக்கு. நிற்கவே முடியாமல் நின்ற குட்டி காதை நிமிர்த்தியது. ஒவ்வொரு அடிக்கும் முனகிக்கொண்டு, தத்தித் தத்திச் சாலையோரச் சுவருக்குப் போய்த் தலையை வெளியே நீட்டி நின்றது. டீலியா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு உடம்பு சரியில்ல கோல்மன்," என்றாள். "பூசைக்கு வரமாட்டேன். ஊருக்குச் சொல்லிடு."

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி சாராவும் மற்றவர்களோடு அந்தச் சாலையில் போனோம். எங்களுக்கு முன்னால் ஆக்னஸ் மெலியா போனாள். அக்கம்பக்கம் பார்த்தாள். சுவரருகே குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு, மேலங்கிக்குள்ளிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்து நீட்டினாள். ஸ்மேரா பழகிய வாயால் அதை வாங்கிக்கொண்டாள். ஆக்னஸுக்குப் பின்னால் வந்த மீனவர் இருவரும், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆளுக்கொரு பக்கம் பையிலிருந்து ஓட்ஸை அள்ளி வைத்தார்கள். அதைப் பார்த்து நான் சிரிக்க வாயெடுத்தபோது என் சாரா சால்வை மடிப்பிலிருந்து வேகவைத்த உருளைக்கிழங்கை எடுத்தாள். வீட்டில் கிழங்கு குறைந்ததற்கெல்லாம் அதுவரை நான் கோழிகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"நீயுமா?" என்றேன்.

"உஷ்! கத்தாதீங்க. பாவம், அந்தப் பொம்பளைக்கு வசதியில்ல போல. நான் ஒருத்திதானே போடறேன்."

கடைசியில் பக்கத்து ஊரில் முதல் பூசையை முடித்துவிட்டு ஃபாதர் சைக்கிளில் வந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றி நிறுத்தினார். அங்கியின் பையிலிருந்து சர்க்கரைக்கட்டியை எடுத்தார்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தகப்பனின் கோட்டோடு, டீலியா கோயின் எழுந்து நின்றாள்.

"வேலைக்கு ஆண்டவர் ஆசீர்வாதம், ஃபாதர்!" என்றாள்.

வேலை செய்கிறவரைப் பார்த்தால் அப்படிச் சொல்வது எங்கள் வழக்கம்தான். ஆனால் அந்தக் குரலில் யாரும் சொன்னதில்லை. ஃபாதரின் கையிலிருந்த சர்க்கரை கீழே விழுந்தது. சாலையில் நின்ற ஊர் மொத்தமும் சிலையாகிவிட்டது.

"ஆக்னஸ், செருப்பு சரியாச்சா? சாரா, கிழங்கு வெந்துச்சா? இன்னும் யாரு? சொல்லுங்க, இன்னிக்கு உங்களுக்குப் பூசை இங்கதான்."

"நாங்க கொஞ்சம்தான்..." என்று ஆக்னஸ் ஆரம்பித்தாள்.

"கொஞ்சம்தான்! ஆளுக்குக் கொஞ்சம்தான்! நான் ஒருத்திதானேன்னு ஊர்ல எல்லாரும் நெனச்சீங்க. எல்லாரோட கொஞ்சத்தையும் சேத்துத் தின்னது யாரு? அதோ பாருங்க, நிக்க முடியாம நிக்குதே, அது." சுவரின் மேல் கையை ஊன்றினாள். "பசின்னா எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊர்ல பொறந்தவதானே? என் குட்டி பட்டினி கெடக்குதுன்னு தோணினா வந்து என் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாமே. நான் கோவிச்சிருப்பேன். திட்டியிருப்பேன். ஆனா காலு தப்பிச்சிருக்கும்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஃபெஸ்டி மட்டும் முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தான்.

"வேகவச்ச பார்லி," என்றான். "தினமும் சாயங்காலம். மேல கொஞ்சம் கறுப்பு பீரும் ஊத்தினேன்."

"ரோஷ் கண்ணுக்குக் கொழுகொழுன்னு தெரியணும்னா?"

"ஆமா..." அவன் குனிந்தான். "இல்ல. அதுக்காக மட்டுமில்ல. கோவில் வாசல்ல எல்லாரும் பேசறதைக் கேக்க முடியல டீலியா. உன்னைப் பத்திப் பேசறதை."

திட்டுவாள் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. "போய்ச் சேத்துல போடற பூட்ஸைப் போட்டுக்கிட்டு வா," என்றாள். "கடல் வத்துது."

அன்றைக்கு ரோஸ்கீலாவில் பூசை தாமதமாகத்தான் ஆரம்பித்தது.

அக்காளும் தம்பியும் அன்றிலிருந்து கடல் வற்றும்போதெல்லாம் குட்டியை ஈரமணலுக்குக் கூட்டிப்போய், முழங்கால் அளவுக் குளிர்ந்த நீரில் நிறுத்தினார்கள். குட்டி நகராமலிருக்க ஃபெஸ்டியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றான். குட்டியின் காலில் சூடு இறங்கியது. அவன் காலில் தோல் உரிந்தது. நான் குளம்பின் நுனியைப் பக்குவமாகச் சீவிவிட்டேன். தீனி என்று பார்த்தால், வெயிலில் வெளுத்த பழைய உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, சத்தைப் பிழிந்துவிட்டுக் கொடுத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆக்னஸ் மெலியா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், ஆனால் கையைப் பைக்குள் விடவில்லை.

குட்டி கல்தரையில் நடக்க ஆரம்பித்ததும் டீலியா அடுத்த காரியத்தைச் செய்தாள். கரைக்கு எதிரே ஆட்டுத்தீவு இருக்கிறது. மனிதர் யாரும் இல்லை. உப்புக்காற்றில் கட்டையாக நிற்கும் புல், பாறை, பாசி, ஒரு நல்ல தண்ணீர்ச் சுனை. ஃபெஸ்டி தார் பூசிய துணி போர்த்த எங்கள் ஊர்ப் படகைத் தள்ளினான். டீலியா படகின் பின்பக்கம் உட்கார்ந்து, குட்டியின் தலையைத் தண்ணீருக்கு மேல் பிடித்துக்கொண்டாள். அது மூக்கைப் பெரிதாக விரித்துச் சீறிக்கொண்டு படகின் பின்னாலேயே நீந்திப் போயிற்று. கரையில் நின்ற ஊரைப் பார்த்து டீலியா கத்தினாள்:

"மீன் புடிக்க அந்தப் பக்கம் போறவங்க பையை ஃபெஸ்டிகிட்ட காட்டிட்டுப் போங்க! ரொட்டி இருந்துச்சுன்னா படகோட கவுத்துடுவேன்!"

சிரித்தோம், ஆனால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வெயிலோ மழையோ, அந்தக் கோடை முழுவதும் டீலியா மட்டும் போய் வந்தாள். திரும்பி வந்து படகிலிருந்து இறங்கும்போது எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தோம். கேட்க யாருக்கும் தைரியமில்லை. ஊரில் இதைவிட அமைதியான ஒரு கோடையை நான் கண்டதில்லை.

செப்டம்பரில் நாற்சந்திக்குப் பக்கத்து மைதானத்தில் பரிசோதனை. சுற்றுவட்டாரத்து மட்டக்குதிரைகள் எல்லாம் வந்திருந்தன. ஓட்ஸும் முட்டையும் பீரும் ஏற்றி, ரோமம் பளபளக்க, பீப்பாய் பீப்பாயாக நின்றன. ஸ்மேராவை டீலியா கொண்டுவந்தபோது எனக்கே ஒரு கணம் திக்கென்றது. மற்றவற்றுக்கு நடுவில் அவள் ஒல்லியாகத் தெரிந்தாள். அப்புறம்தான் கண் பழகியது. நேரான கால்கள், ஆழமான நெஞ்சு, தசை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில். இரும்புச் சாம்பல் நிறம், வெயிலில் உப்புக் காய்ந்த பளபளப்பு. தீவின் பாறைகளில் ஏறி இறங்கிய குட்டிக்கு எங்கே கால் வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

பரிசோதகர் உயரமான, அதிகம் பேசாத மனிதர். பல்லைப் பார்த்தார். முதுகைத் தடவினார். குனிந்து முன்னங்குளம்பைத் தூக்கினார். அதில் மே மாதத்து நோவின் வளையம் மெல்லிய கோடாக இருந்தது. எவ்வளவு சீவினாலும் அது வளர்ந்துதான் இறங்கும். அவருடைய கட்டைவிரல் அந்தக் கோட்டின் மேல் போய் நின்றது.

"இது என்ன?"

"தீனி மிஞ்சிப்போச்சு ஐயா, வசந்தத்துல," என்றாள் டீலியா. மறைக்கவில்லை.

"யார் கொடுத்தது?"

அவள் பின்னால் திரும்பினாள். அங்கே ரோஸ்கீலா மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. ஃபாதரும் இருந்தார். எல்லோரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் மேல பிரியமா இருக்கறவங்க, ஐயா."

"அதுக்கப்புறம் என்ன கொடுத்தீங்க?"

"அவங்க கொடுக்காததை."

அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று சொல்ல முடியாது. "சாலையில ஓட்டிக் காட்டுங்க," என்றார்.

ஓடிக் காட்ட ஃபெஸ்டியின் கையில் கயிற்றைக் கொடுத்தாள். அவனுடைய கால்தான் வேகம். சாலையின் கெட்டிக் கல்தரையில் ஸ்மேரா ஓடினாள். நான்கு குளம்பும் ஒரே தாளமாக விழுந்தன. கொல்லன் காதுக்குத் தெரியும். நொண்டுகிற காலில் ஓசை அரைக்கணம் பிந்தும். பிந்தவில்லை. போகும்போதும் பிந்தவில்லை, திரும்பும்போதும் பிந்தவில்லை. மற்றவர்களின் பீப்பாய்கள் பாதி வழியிலேயே மூச்சு வாங்கின. இவள் ஃபெஸ்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். அவன்தான் கடைசியில் மூச்சு வாங்கினான்.

பரிசோதகர் தன் உதவியாளரிடம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னார். உதவியாளர் உரக்கச் சொன்னார்: "ஏற்கப்பட்டது. முதல் தரம்."

ஊர் போட்ட கூச்சலில் பாதிக் குதிரைகள் மிரண்டன. ஆக்னஸ் மெலியா என் சாராவைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான்கூட என் தொப்பியை வானத்துக்கு எறிந்தேன். அது அப்புறம் கிடைக்கவே இல்லை. இத்தனை வருடம் லாடம் அடித்ததில் அன்றைக்குப் போல நான் சந்தோஷப்பட்டதில்லை.

கூச்சல் அடங்குவதற்குள் ரோஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். குதிரைகளுக்கு மேல் அவன் கண் எப்போதும் கழுகாட்டம் வட்டமிடும். நேரே ஃபெஸ்டியிடம் போனான்.

"ஃபெஸ்டி, நம்ம பேச்சு ஞாபகம் இருக்குல்ல? அன்னிக்குச் சொன்னதுக்கு மேல எவ்வளவு வேணும்னாலும் சொல்லு. இப்பவே கையில தர்றேன்."

ஊர் முழுக்க ஃபெஸ்டியின் வாயைப் பார்த்தது. இத்தனை பேர் பார்க்கும்போது அவன் இதுவரை யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. முகம் சிவந்தது. மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"என்னை ஏன்யா கேக்கறே?" என்றான். "நான் கயிறு புடிச்சு ஓடினவன். குதிரைக்காரி அதோ நிக்கிறா, அவளைக் கேளு."

ரோஷ் டீலியாவைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன பார்த்தானோ, வாயைத் திறக்காமலே தொப்பியைத் தொட்டுவிட்டுத் தன் வண்டிப் பக்கம் திரும்பிப் போனான்.

டீலியா நடந்து வந்தாள். தம்பியின் எதிரே நின்று கையை நீட்டினாள்.

"கயித்தைக் குடு," என்றாள். "என் குதிரை."

ஃபெஸ்டி கொடுத்தான்.